கல்லில் ஏறாத பெயர்கள்

சென்னை நந்தம்பாக்கத்தில், பரங்கிமலை - பூந்தமல்லி சாலையை ஒட்டி, மதராஸ் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. மேற்குப் புறநகரான மாங்காட்டிலிருந்து கிண்டிப் பக்கம் கல்லூரிக்குப் போகும் மாணவர்கள் போரூரையும் ராமாபுரத்தையும் தாண்டியபின் இந்த இடத்தைக் கடந்தே செல்கிறார்கள். பேருந்து ஜன்னலிலிருந்து பார்ப்பவருக்கு இது நன்றாகப் பராமரிக்கப்படும் ஒரு பூங்காவாகவே படும். இறங்கி உள்ளே போனவர்தான் புல்வெளியில் வரிசையாக நிற்கும் பெயர்களைப் பார்க்க முடியும்.

இரண்டாம் உலகப் போரில் இறந்த 850-க்கு மேற்பட்ட படையினர் இங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்கள் இந்த மண்ணில் போரிட்டு விழுந்தவர்கள் அல்லர். தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் பல ஊர்களின் பொதுக் கல்லறைகளிலும் கண்டோன்மென்ட் கல்லறைகளிலும் முதலில் புதைக்கப்பட்டிருந்தவர்கள். அந்தக் கல்லறைகளைக் காலம் முழுதும் பராமரிக்க வழியில்லை என்று ஆனபோது, 1952-இல் உருவான இந்தத் தோட்டத்துக்கு அவர்களுடைய உடல்களைக் கொண்டுவந்தார்கள். பின்பக்கத்தில் முதல் உலகப் போருக்கான நினைவுச் சின்னம் ஒன்று உண்டு. இந்தியாவின் வெவ்வேறு மூலைகளில் புதைக்கப்பட்டு, கல்லறை காக்கப்பட முடியாமல் போன 1,000-க்கு மேற்பட்டோரின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. உடலைக் காக்க முடியாத இடத்தில் பெயரையாவது காப்பது என்ற ஏற்பாடு அது.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு நிறுவனம் இருக்கிறது. முதல் உலகப் போரின் நடுவே, 1917-இல், ஃபேபியன் வேர் என்பவரின் முயற்சியால் பிரிட்டனில் போர்க் கல்லறை ஆணையம் தொடங்கப்பட்டது. அதுவரை போரில் இறந்த சாதாரணச் சிப்பாயைக் குழிதோண்டி மொத்தமாகப் புதைப்பதே வழக்கம், தளபதிகளுக்குத்தான் சிலை. ஆணையம் அதை மாற்றியது. உடல்கள் தாய்நாட்டுக்குத் திரும்ப எடுத்துச் செல்லப்படா. பணக்காரக் குடும்பத்து மகனுக்கும் ஏழைக் குடும்பத்து மகனுக்கும் ஒரே அளவுக் கல். பதவி, இனம், சமயம் பார்த்து வேறுபாடு காட்டுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பெயர். நந்தம்பாக்கத்தில் ஒரு மாணவர் அரை மணி நேரம் நடந்தால் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், வயது ஆகியவற்றைப் படித்துக்கொண்டே போகலாம். அந்த வயதுகளில் பல அவருடைய வயதாகவே இருக்கும். வரலாற்றுப் பாடநூல் ‘கோடிக்கணக்கானோர் மாண்டனர்’ என்று எழுதும் இடத்தில் இந்தக் கல்வரிசை ஒவ்வொருவராக எண்ணுகிறது. இது பெரிய வேறுபாடு.

பூங்கா என்பது உயிரோடு இருப்பவர்களுக்கானது. மாங்காட்டு மாணவருக்கு அருகிலுள்ள பூங்கா போரூரில் இருக்கிறது. 2024-இல் திறக்கப்பட்ட போரூர் ஈரநிலப் பசுமைப் பூங்கா 16 ஏக்கர் பரப்பில் குளம், நடைபாதை, மரநிழல், குழந்தைகள் விளையாட இடம் என்று அமைந்தது. அடுக்குமாடிகளும் தகவல் தொழில்நுட்ப வளாகங்களும் நெருக்கியடித்துக்கொண்டு எழும்பிய மேற்குப் புறநகரில், வீடு கட்டாமல் விட்டுவைத்த ஒவ்வொரு ஏக்கரும் பெரிய கொடை. காலையில் நடக்க வரும் முதியவர்களும் மாலையில் படிக்க வரும் மாணவர்களும் அங்கே யாரையும் நினைக்கக் கடமைப்பட்டவர்கள் அல்லர். நினைவிடத்துக்குப் போகிறவருக்கு அந்தக் கடமை உண்டு. இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்ற அளவுக்கு இந்தச் சாலையில் அவை பக்கத்தில் இருக்கின்றன. இரண்டும் ஒரே நிலத்தில் அமையும்போதுதான் சிக்கல் எழுகிறது. இறந்தவர்களின் மேல் பூங்கா அமைக்கலாமா? அமைத்தால், அங்கே நடப்பவர் எதன்மேல் நடக்கிறார் என்பது அவருக்குத் தெரிய வேண்டாமா?

இந்தக் கேள்வி மிகக் கொடுமையான வடிவில் எழுந்த இடம் உக்ரைன் தலைநகர் கீவிலுள்ள பாபின் யார். இந்தியாவிலிருந்து, அதிலும் தமிழ்நாட்டிலிருந்து, மருத்துவம் படிக்கப் போன ஆயிரக்கணக்கான மாணவர்கள் 2022 வரை உக்ரைனில் வாழ்ந்தார்கள். கீவில் மெட்ரோ ரயிலில் தோரோகோழிச்சி நிலையத்தில் இறங்கினால் வாசலிலேயே மரங்கள் அடர்ந்த பூங்கா. தள்ளுவண்டியில் குழந்தையோடு தாய்மார், நாயோடு நடப்பவர்கள், பெஞ்சில் கிழவர்கள். அந்தப் பூங்கா இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் நீண்ட, ஆழமான பள்ளத்தாக்கு இருந்தது.

1941 செப்டம்பர் 19-இல் ஜெர்மன் படை கீவைப் பிடித்தது. சில நாளில் நகரின் மையத் தெருவில் சோவியத் தரப்பு முன்பே புதைத்துவைத்த வெடிகள் வெடித்தன. ஜெர்மானியர் பலர் இறந்தனர். பழி யூதர்மேல் விழுந்தது. செப்டம்பர் 28-இல் நகரெங்கும் சுவரொட்டி ஒட்டப்பட்டது. மறுநாள் திங்கட்கிழமை காலை 8 மணிக்குள் யூதர்கள் எல்லோரும் குறிப்பிட்ட தெருமுனைக்கு வர வேண்டும், அடையாளச் சீட்டு, பணம், விலையுயர்ந்த பொருள், கதகதப்பான உடை எல்லாம் கொண்டுவர வேண்டும், வராதவர் சுடப்படுவார். வேறெங்கோ குடியமர்த்தப் போகிறார்கள் என்றுதான் பலரும் நம்பினார்கள். உடல்வலு உள்ள ஆண்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே படைக்குப் போயிருந்தார்கள். வந்தவர்கள் கிழவர்கள், பெண்கள், குழந்தைகள். வழியில் ஒவ்வொரு இடமாக மூட்டை, சீட்டு, மேலாடை, கடைசியில் உடுத்திய உடை என்று பிடுங்கிக்கொண்டு பள்ளத்தாக்கின் விளிம்பில் நிறுத்திச் சுட்டார்கள். பால் புளோபெல் தலைமையிலான கொலைப்படை பெர்லினுக்கு அனுப்பிய அறிக்கையில், செப்டம்பர் 29, 30 ஆகிய இரண்டு நாளில் 33,771 யூதர்களைக் கொன்றதாகக் கணக்கு எழுதப்பட்டது. எண்ணை இவ்வளவு கறாராக எழுதியவர்கள் ஒரு பெயரைக்கூட எழுதவில்லை.

கொலை அத்தோடு நிற்கவில்லை. அடுத்த இரண்டு ஆண்டுகள் ரோமா மக்கள், மனநல மருத்துவமனை நோயாளிகள், சோவியத் போர்க் கைதிகள், உக்ரைன் தேசியவாதிகள் எல்லோரும் அதே இடத்தில் கொல்லப்பட்டார்கள். மொத்த எண்ணிக்கை 70,000 முதல் 1,00,000 வரை இருக்கும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. 1943-இல் சோவியத் படை திரும்பி வருவது தெரிந்ததும் தடயத்தை அழிக்கும் வேலை தொடங்கியது. பக்கத்து முகாமின் கைதிகளுக்குக் காலில் விலங்கு பூட்டி, புதைத்த உடல்களைத் தோண்டி எடுத்து எரிக்கச் செய்தார்கள். வேலை முடிந்தால் தாங்களும் கொல்லப்படுவோம் என்று அறிந்த அந்தக் கைதிகள் செப்டம்பர் 29 அதிகாலையில் தப்பி ஓடினார்கள். மிகச் சிலரே பிழைத்தார்கள். பள்ளத்தாக்கிலிருந்து உயிரோடு வெளியேறிய இன்னொருவர் தினா புரோனிசேவா. கீவ் பொம்மலாட்ட அரங்கின் நடிகையான அவர் சுடப்படும் முன்பே கீழே விழுந்து, பிணங்களின் நடுவே இறந்தவர் போலக் கிடந்து, இருட்டில் ஏறிவந்தார். பின்னாளில் நீதிமன்றத்தில் சாட்சியும் சொன்னார். பாபின் யாரில் நடந்ததை உள்ளிருந்து சொல்ல மிஞ்சிய குரல்களில் அவருடையது முதன்மையானது.

போருக்குப் பின் நடந்தது இன்னும் கூர்ந்து பார்க்கத் தக்கது. சோவியத் அரசு அங்கே நினைவிடம் எழுப்பவில்லை. பள்ளத்தாக்கைத் தூர்த்துச் சமப்படுத்தி, சாலையும் பூங்காவும் அமைக்க முடிவெடுத்தது. 1950-களில் அருகிலுள்ள செங்கல் தொழிற்சாலைகளின் சேற்றுக் கழிவைக் குழாய் வழியே பள்ளத்தில் ஆண்டுக்கணக்கில் கொட்டினார்கள். அதைத் தடுத்து நிறுத்த மண் அணை கட்டினார்கள். 1961 மார்ச் 13-ஆம் நாள் காலையில் அணை உடைந்தது. சேறு கீழேயிருந்த குரெனிவ்கா குடியிருப்புக்குள் பாய்ந்து வீடுகளையும் டிராம் வண்டிகளையும் மூடியது. அரசு சொன்ன கணக்கு 145 பேர்; உண்மையில் அதைப் போலப் பல மடங்கு என்று பிற்கால ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இறந்தவர்களை வெவ்வேறு இடுகாடுகளில் பிரித்துப் புதைத்தார்கள். செய்தி வெளியே போகாமல் பார்த்துக்கொண்டார்கள். கொன்றவர்கள் எரித்து மறைத்ததை, விடுவித்தவர்கள் சேறு கொட்டி மறைத்தார்கள். அந்தச் சேறு மேலும் உயிர்களைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகும் வேலை தொடர்ந்து, பள்ளம் தூர்க்கப்பட்டுப் பூங்கா உருவானது.

அதே 1961-இல் சோவியத் கவிஞர் யெவ்துஷென்கோ பாபின் யாரைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். மறு ஆண்டு இசையமைப்பாளர் ஷோஸ்தகோவிச் அதைத் தம் 13-ஆவது சிம்பொனியில் சேர்த்தார். இருவருக்கும் கடுமையான நெருக்கடி வந்தது. கடைசியில் 1976-இல் அரசே பிரம்மாண்டமான வெண்கலச் சின்னம் ஒன்றை எழுப்பியது. அதன் கல்வெட்டில் இறந்தவர்கள் சோவியத் குடிமக்கள், போர்க் கைதிகள் என்று இருந்தது. யூதர் என்ற சொல் இல்லை. அவர்கள் யூதர்களாகப் பிறந்ததற்காகவே கொல்லப்பட்டவர்கள். கொலைக்குக் காரணமாக இருந்த அடையாளத்தை நினைவுச் சின்னத்திலிருந்து நீக்குவது, அந்தக் கொலையை யாரோ எங்கோ இறந்த பொதுத் துயரமாக மாற்றிவிடுகிறது. 1991-இல், கொலைக்கு 50 ஆண்டு நிறைந்தபோதுதான், ஏழு கிளைகள் கொண்ட யூதர் விளக்கின் வடிவில் அவர்களுக்கென்று தனிச் சின்னம் வந்தது. ரோமா மக்களுக்கும் குழந்தைகளுக்கும் பிறருக்கும் ஒவ்வொன்றாகப் பின்னர் வந்தன. 2022 மார்ச் 1-இல் பக்கத்திலிருந்த தொலைக்காட்சிக் கோபுரத்தைக் குறிவைத்த ரஷ்ய ஏவுகணைத் தாக்குதலில் அந்த வட்டாரத்திலேயே மறுபடி மக்கள் இறந்தார்கள். அந்த நாள்களில்தான் நம் மாணவர்கள் எல்லைகளை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள்.

பெர்லினில் இதற்கு நேர்மாறான வழி எடுக்கப்பட்டது. டீர்கார்ட்டன் என்ற பெரும் பூங்காவின் விளிம்பில், நகரத்தின் நடுமையத்தில், கொல்லப்பட்ட ஐரோப்பிய யூதர்களுக்கான நினைவிடம் 2005-இல் திறக்கப்பட்டது. பீட்டர் ஐசன்மன் வடிவமைத்த அதில் 2,711 கான்கிரீட் பாளங்கள் நிற்கின்றன. அவற்றில் எழுத்து ஒன்றும் கிடையாது. பெயர்கள் அடியிலுள்ள அறையில் ஒலிக்கின்றன. ஒருவர் பெயரும் வாழ்க்கைக் குறிப்பும் வாசிக்கப்பட்டபின் அடுத்தவர். எல்லோரையும் இப்படி வாசித்து முடிக்க ஆறு ஆண்டுகளுக்கு மேலாகும். மேலே பாளங்களின்மேல் ஏறிப் படமெடுப்பவர்கள் பலர் கீழே இறங்குவதில்லை. மேற்படிப்புக்காக ஜெர்மனி போகும் தமிழ் மாணவர்கள் பெர்லினில் ஒருநாள் தங்கினால் அந்த அறையில் பத்து நிமிடமாவது உட்கார்ந்துவிட்டு வர வேண்டும். பூங்காவுக்குள்ளேயே, கொல்லப்பட்ட ரோமா, சின்டி மக்களுக்கான நினைவிடம் 2012-இல் அமைந்தது: வட்டமான ஒரு நீர்நிலை, நடுவே ஒரு கல், அதன்மேல் நாள்தோறும் ஒரு புதுப் பூ. ஜெர்மன் தெருக்களில், யூதர்கள் கடைசியாக வாழ்ந்த வீட்டு வாசலில், பெயர் பொறித்த சிறிய பித்தளைக் கற்களைப் பதிக்கும் வேலையைக் குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் 1990-களில் தொடங்கினார்; ஐரோப்பா முழுதும் இன்று அவை 1,00,000-ஐத் தாண்டிவிட்டன. ஜெருசலேமிலுள்ள யாத் வஷெம் நிறுவனம் 1950-களிலிருந்து உறவினரிடமும் அயலாரிடமும் ஒவ்வொரு பெயராகக் கேட்டுப் பதிவுசெய்து, கொல்லப்பட்ட 60 லட்சம் பேரில் ஏறத்தாழ 50 லட்சம் பேரின் பெயர்களைச் சேர்த்திருக்கிறது. எண்ணை மட்டும் விட்டுவைக்க நினைத்தவர்களுக்கு எதிராக எழுபது ஆண்டாக நடக்கும் வேலை இது.

தமிழருக்கு இந்த வேலை புதிதன்று. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுக்கப்பட்ட தமிழ் பிராமி நடுகற்கள் 2,000 ஆண்டுகளுக்கும் முந்தியவை. அவற்றுள் ஒன்று கூடலூர் ஆநிரைப் போரில் இறந்த அந்தவன் என்பவனுக்கு நட்டது. ஊர் இருக்கிறது, ஆள் இருக்கிறான், இறந்த காரணம் இருக்கிறது. அவன் அரசனாக இருந்ததாகக் கல் சொல்லவில்லை. ஆநிரைப் போரில் செத்த ஒரு சாதாரண மனிதனின் பெயர், சங்க இலக்கியத்தின் மூத்த பாடல்களுக்கு நிகரான பழைமையோடு நிற்கிறது. செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் ஏராளம். நம் காலத்தில் கீழ்வெண்மணி இருக்கிறது. 1968 டிசம்பர் 25-இல், கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அங்கே நினைவுத்தூணில் பெயர்கள் பொறிக்கப்பட்டன. ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் மக்கள் கூடுகிறார்கள். வழக்கில் நிலக்கிழார்கள் உயர் நீதிமன்றத்தில் விடுவிக்கப்பட்டார்கள். தீர்ப்பு கைவிட்ட இடத்தில் பெயர்ப்பட்டியல் நின்றது.

இந்த மரபு இருந்தும், தமிழரின் மிகப் பெரிய சாவுகளில் ஒன்று பெயரில்லாமலே போயிற்று. நந்தம்பாக்கத்தில் புதைக்கப்பட்டவர்கள் இறந்த அதே போரில், ஜப்பான் சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைத்து 415 கிலோமீட்டர் நீள ரயில் பாதை போட்டது. 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். காடு, மலை, பாறை, பருவமழை. 60,000-க்கு மேற்பட்ட நேச நாட்டுப் போர்க் கைதிகளும் அவர்களைப் போல மும்மடங்குக்கும் மேலான ஆசியத் தொழிலாளர்களும் அதில் உழைத்தார்கள். மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத் தமிழர்கள். தஞ்சை, திருச்சி, சேலம், ஆற்காடு, அன்றைக்கு மாங்காட்டையும் உள்ளடக்கியிருந்த செங்கல்பட்டு ஆகிய மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் மூலம் கடல் தாண்டிய குடும்பங்கள் அவர்களுடையவை. போரால் தோட்டங்களில் வேலை நின்றுபோயிருந்தது. முதலில் நல்ல கூலி, சில மாத வேலை என்று ஆசை காட்டி அழைத்தார்கள். பிறகு ஆள் போதாமல் பிடித்துக்கொண்டு போனார்கள். 1943-இல் காலரா பரவியபோது முகாம் முகாமாகச் செத்தார்கள். கைதிகளோடு அவர்களுடைய மருத்துவர்களும் அதிகாரிகளும் இருந்தார்கள். கழிப்பிடம் வெட்டுவது, நீரைக் கொதிக்கவைப்பது என்று ஓர் ஒழுங்கு இருந்தது. தோட்டத் தொழிலாளிக்கு அதுவும் இல்லை. கைதிகள் 12,000-க்கு மேல் இறந்தனர். ஆசியத் தொழிலாளர் சாவு 90,000 வரை இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். கணக்கு வைத்தவர் இல்லாததால் மதிப்பீடு மட்டுமே மிஞ்சியது.

போர் முடிந்த கையோடு, 1945 செப்டம்பரிலும் அக்டோபரிலும், நேச நாடுகளின் கல்லறைத் தேடல் குழு ஒன்று அந்தப் பாதை நெடுகச் சென்றது. 144 இடங்களில் 10,549 கைதிகளின் கல்லறைகளைக் கண்டுபிடித்தது. அந்த உடல்கள் காஞ்சனபுரி, சுங்காய், தன்பியூசயாத் ஆகிய ஊர்களின் போர்க் கல்லறைத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டன. காஞ்சனபுரித் தோட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 7,000 பேர். நந்தம்பாக்கத்தைப் பார்த்தவருக்கு அந்தத் தோட்டம் பழகிய இடமாகத் தோன்றும்: அதே ஆணையம், அதே ஒழுங்கு, அதே புல். அதே காட்டில், அதே தண்டவாளத்துக்காக இறந்த தமிழ்த் தொழிலாளிக்கு அங்கே ஒரு கல்லும் இல்லை. அவன் சிப்பாய் அல்லன், கூலி. இவ்வளவுதான் காரணம். போர்க் கல்லறை ஆணையமே 2021-இல் தன்னை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையில், முதல் உலகப் போரில் இறந்தவர்களில் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்று ஒப்புக்கொண்டது. அவர்களில் மிகப் பலர் கிழக்கு ஆப்பிரிக்கர், எகிப்தியர். சுமை தூக்கப் போனவர்கள். ‘எல்லோருக்கும் ஒரே கல்’ என்ற கொள்கை உயர்ந்தது. ‘எல்லோரும்’ என்பதில் யார் அடக்கம் என்பதைப் பேரரசு முன்கூட்டியே தீர்மானித்திருந்தது.

சயாம் மரண ரயிலின் தமிழர்களை முதலில் காப்பாற்றியவர்கள் எழுத்தாளர்கள். மலேசியாவில் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள், பிழைத்து வந்தவர்களின் வாய்மொழியை அவர்கள் உயிரோடு இருந்த காலத்திலேயே பிடித்துவைத்தன. காஞ்சனபுரியில் 2023-இல் அந்தத் தமிழர்களுக்காக நடுகல் ஒன்று நிறுவப்பட்டது. தமிழ்நாடு அரசும் நிதி அளித்தது. பாதை முடிந்து 80 ஆண்டு. நடுகல்லின் வடிவத்தைத் தேர்ந்தது மிகச் சரி. ஆனால் அந்தக் கல்லில் ஏற வேண்டிய பெயர்கள் பல்லாயிரம் இன்னும் காகிதத்துக்கே வரவில்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் ‘மலாயாவுக்குப் போனவர் திரும்பவில்லை’ என்று சொல்லும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. அந்தக் குடும்பங்களிடம் போய்க் கேட்டு எழுதும் வேலை கல்லூரி மாணவர்களால் செய்யக் கூடியது. இன்னும் ஒரு தலைமுறை போனால் கேட்க ஆள் இருக்காது.

பெயர் தெரியாதவர்களை என்ன செய்வது என்ற கேள்விக்கு மாங்காட்டின் பக்கத்து ஊரே ஒரு விடை வைத்திருக்கிறது. குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் பெரிய புராணம் பாடினார். அடியார்களின் கதையைப் பாட முற்பட்டவர் நாயன்மார் 63 பேரோடு நிறுத்தவில்லை. சுந்தரரின் திருத்தொண்டத்தொகை வகுத்தபடி, தனிப்பெயர் இல்லாமல் கூட்டமாக மட்டும் அறியப்பட்ட ஒன்பது தொகையடியார்களுக்கும் இடம் கொடுத்தார். பெயர் கிடைத்தவனைப் பெயரால் சொல், கிடைக்காதவனை அவன் செய்ததைக் கொண்டு சொல், விட்டுவிடாதே. சயாம் பாதையின் தொழிலாளருக்கு இந்த முறைதான் பொருந்தும்.

பெயர் தெரிந்தும் கல் ஏறாதவர்கள் மாங்காட்டுக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிறார்கள். மாங்காட்டிலிருந்து பரணிப்புத்தூர் வழியாகப் போனால் மௌலிவாக்கம். 2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை, மழையின்போது, அங்கே கட்டி முடியும் நிலையிலிருந்த 11 மாடிக் கட்டடம் ஒன்று சரிந்து தரைமட்டமானது. உள்ளே வேலை செய்துகொண்டிருந்தவர்களும் மழைக்கு ஒதுங்கியவர்களும் புதைந்தார்கள். ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம், விஜயநகரம் பகுதிகள், ஒடிசா, தமிழ்நாட்டு மாவட்டங்கள் ஆகியவற்றிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளர்கள் அவர்கள். தேசியப் பேரிடர் மீட்புப் படையும் தீயணைப்புத் துறையும் ஒரு வாரம் இடிபாட்டை அகற்றின. 27 பேர் உயிரோடு மீட்கப்பட்டார்கள். 61 பேர் இறந்தார்கள். நீதிபதி ஆர். ரெகுபதி தலைமையிலான ஆணையம் விசாரித்தது. கட்டட வடிவமைப்பிலும் தூண்களின் வலுவிலும் இருந்த குறைகள் வெளிவந்தன. பக்கத்திலிருந்த மற்றொரு 11 மாடிக் கட்டடத்தை 2016 நவம்பர் 2-இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். சில விநாடிகளில் அது மண்ணோடு மண்ணானதைத் தொலைக்காட்சிகள் நேரலையில் காட்டின. இன்று மௌலிவாக்கம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ஆளில்லாத கட்டடம் விழுந்த அந்தக் காட்சிதான்.

மௌலிவாக்கத்தையும் பாபின் யாரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ஒன்று பேராசையாலும் கவனக்குறைவாலும் வந்த சாவு. மற்றொன்று ஓர் இனத்தைப் பூண்டோடு ஒழிக்கத் திட்டமிட்டுச் செய்த கொலை. இந்த வேறுபாட்டை மழுப்புவது கொல்லப்பட்ட யூதர்களுக்குச் செய்யும் அநீதி. மௌலிவாக்கத்தோடு வைத்துப் பார்க்க வேண்டியது குரெனிவ்காவை. அங்கும் கட்டுமான வேலை, அங்கும் நீருக்கும் மண்ணுக்கும் மதிப்பளிக்காத பொறியியல், அங்கும் இடிந்ததை அகற்றிவிட்டு அடுத்த வேலையைத் தொடங்கிய அவசரம். கொலை வேறு, அலட்சியம் வேறு; மறதி மட்டும் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி வேலை செய்கிறது. நிலத்தைச் சமன் செய்கிறது, மேலே வேறொன்றைக் கட்டுகிறது, பெயர்களைக் கோப்புக்குள் விட்டுவிடுகிறது.

அந்தக் கோப்பு இருக்கிறது என்பதே இங்கே முக்கியம். சயாம் காட்டில் இறந்தவர்களைப் போல மௌலிவாக்கத்தில் இறந்தவர்கள் கணக்கில் வராதவர்கள் அல்லர். அவர்களுடைய குடும்பங்களுக்கு அரசு நிவாரணம் அறிவித்தது; உடல்கள் அடையாளம் காணப்பட்டுச் சொந்த ஊர்களுக்கு அனுப்பப்பட்டன. பெயர், வயது, ஊர் எல்லாம் அரசிடம் உண்டு. மேற்குப் புறநகரின் கல்லூரிகளில் கட்டடப் பொறியியல் படிக்கும் மாணவர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வெளியே வருகிறார்கள். நாளை தூணின் கனத்தையும் கம்பியின் அளவையும் தீர்மானிக்கப் போகிறவர்கள் அவர்கள். பெர்லினுக்கோ கீவுக்கோ போகும் வாய்ப்பு அவர்களில் சிலருக்கே கிடைக்கும். மௌலிவாக்கத்துக்கு மாங்காட்டிலிருந்து சைக்கிளில் போய்விடலாம். அங்கே படிப்பதற்கு 61 பெயர்கள் இருக்க வேண்டும்.

உள்ளாட்சி அமைப்பு அந்தச் சாலையோரத்தில் ஒரு கல் நட வேண்டும். பெரிய மண்டபம் வேண்டாம். ஓர் ஆள் உயரக் கருங்கல், அதைச் சுற்றி நிழல் தரும் இரண்டு மரம், உட்கார ஒரு பெஞ்சு போதும். மாணவர்கள் இதற்கு மனு எழுதிக் கொடுக்கலாம். பெயர்கள் தமிழில் மட்டும் இருந்தால் போதாது. தெலுங்கிலும் ஒடியாவிலும் பொறிக்க வேண்டும். அந்தப் பெயர்களைத் தேடி வரக் கூடியவர்கள் ஸ்ரீகாகுளத்திலும் விஜயநகரத்திலும் ஒடிசாவிலும் இருக்கிறார்கள்.